பாயிரம் இழந்த நூல்

ஒரு நூலைச் செய்தவர் யார், அவர் எந்த வழியில் வந்தவர், எவர் கேட்க அதைச் சொன்னார் என்பவற்றையெல்லாம் நூலின் வாயிலிலேயே அறிவித்துவிட வேண்டும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் விதித்தார்கள். சிறப்புப் பாயிரத்திற்கு எட்டு இலக்கணம் வகுத்த நன்னூலார், அவற்றுள் ஆக்கியோன் பெயரையே தலையில் வைத்தார். ஆண்களாகிய புலவர்களுக்கு இந்த விதி பெரும்பாலும் ஓர் அலங்காரமாகவே அமைந்தது என்று சொல்லலாம். பாயிரம் சிதைந்து போனாலும், மாணாக்கர் பரம்பரையும், மடத்துக் கணக்கும், அரசர் கொடுத்த சாஸனமும், உரையாசிரியர் காட்டும் மேற்கோளும் அவர்களுடைய பெயரைக் காத்துவந்தன. பெண்பாற் புலவர்களுக்கோ இந்தத் துணைகளில் ஒன்றேனும் நிச்சயமாக இருந்ததில்லை. அவர்கள் தங்களைப்பற்றித் தாங்களே எழுதிவைத்த சில செய்யுட்களே அவர்களுடைய சரித்திரம் முழுவதும். ஆகவே அந்தச் சில செய்யுட்களை ஒருவர் நீக்கிவிட்டால், நூல் எஞ்சி நிற்கும்போதே நூலைச் செய்தவர் மறைந்துவிடுகிறார். இவ்வாறு மறைந்தவர்களுள் தஞ்சாவூர் முத்துப்பழனியின் வரலாறு நாம் நின்று நோக்குதற்கு உரியது.

தஞ்சாவூரில் தெலுங்குக் காவியமா என்று வியப்பவர்கள் அந்நகரத்தின் சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1532-இல் தொடங்கிய நாயக்கர் ஆட்சியில் தெலுங்கு அரசவையின் காவிய பாஷையாகவும் சங்கீத பாஷையாகவும் நிலைபெற்றது. 1676-இல் ஏகோஜி தஞ்சையில் முடிசூடி மராட்டிய வமிசத்தைத் தொடங்கிவைத்த பிறகும், அரசரின் தாய்மொழி மாறிற்றே தவிர அவையின் தெலுங்கு மாறவில்லை. அந்த அவைகளில் பெண்கள் ஆடலுக்கும் பாடலுக்கும் மட்டும் இருந்தவர்கள் அல்லர். இரகுநாத நாயக்கரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘இரகுநாதாப்யுதயம்’ என்ற ஸம்ஸ்கிருத மகாகாவியத்தைப் பன்னிரண்டு ஸர்க்கங்களில் இயற்றியவர் இராமபத்ராம்பா. இரகுநாதரின் மகனாகிய விஜயராகவ நாயக்கரின் அவையில் ‘மன்னாருதாஸ விலாஸம்’ பாடிய ரங்காஜம்மாவுக்கு அரசர் கனகாபிஷேகமே செய்தார் என்று கூறுவர். மதுரவாணி என்ற மற்றொரு விதுஷி இராமாயணத்தை வடமொழியில் பாடினார். ஒரே நகரத்தில், இரண்டு தலைமுறைக்குள், இத்தனை பெண்கள் பெருங்காவியம் செய்யத் துணிந்தார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னே எண்ணும் எழுத்தும் யாப்பும் அலங்காரமும் முறையாகக் கற்பிக்கப்பட்ட பெண்கள் கூட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அக்கல்வி பெரும்பாலும் தேவதாசிகளின் இல்லங்களில் தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் வழிவழியாக வந்தது. குலஸ்திரீகள் என்று போற்றப்பட்ட பெண்களுக்கு ஏடு மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஏட்டைக் கையில் வைத்திருந்த பெண்கள் இவர்களே.

இந்த மரபின் கடைசிப் பெருமகளாக, பிரதாபசிம்மர் ஆண்ட 1739 முதல் 1763 வரையிலான காலத்தில் விளங்கியவர் முத்துப்பழனி. அவர் இயற்றிய ‘ராதிகா ஸாந்த்வனம்’ 584 செய்யுட்களால் ஆன சிருங்கார பிரபந்தம். அதன் பீடிகையில்தான் அவரை நாம் நேரில் காண்கிறோம். தெலுங்குப் பிரபந்தங்களின் பீடிகை என்பது நம்முடைய பாயிரத்துக்கு ஒப்பானது; தெய்வ வணக்கமும் முன்னோர் துதியும் சொன்ன பின், நூலைப் பெறுகின்ற அரசரின் வமிசத்தையும் கவியின் வமிசத்தையும் விரித்துரைப்பது அதன் முறை. அந்த வமிச வரிசை சாதாரணமாகத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஆண்வழியே ஏறிச் செல்லும். முத்துப்பழனி இந்த முறையைக் கைவிடவில்லை. அதற்குள் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். தம் பாட்டி தஞ்சநாயகியையும், தம் அத்தையையும், அவர்களுடைய கவித்துவத்தையும் பாடுகிறார். பிறகு தம்மைப்பற்றியே பேசத் தொடங்குகிறார்: அறிஞர்களைப் பொருளும் பரிசும் தந்து பாராட்டிய பெண் தம் இனத்தில் தம்மைத் தவிர வேறு எவர் உண்டு, காவியங்கள் தமக்கு அர்ப்பணம் செய்யப்பெற்ற பெண் வேறு எவர் உண்டு என்று கேட்கிறார். அவையடக்கம் கூறிப் பதுங்குவதே பெண்ணுக்கு அழகு என்று கருதுவோர்க்கு இது செருக்காகப் படலாம். எனக்கு அது ஒரு சாக்ஷியின் குரலாகவே படுகிறது. தமக்குப் பின் தம்மைப்பற்றிச் சொல்வோர் இருக்கமாட்டார்கள் என்று அறிந்த ஒருவர், சொல்லவேண்டியதைத் தாமே அழுத்தந்திருத்தமாகச் சொல்லி, கையொப்பமும் இட்டுவிட்டார்.

நூலின் கதை சிறியது. தன்னால் வளர்க்கப்பெற்ற இளாதேவி என்ற இளம்பெண்ணை ராதை தானே கண்ணனுக்கு மணம் செய்து கொடுக்கிறாள். மணமகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கும், அவளிடம் எவ்வளவு மிருதுவாகப் பழக வேண்டும் என்று கண்ணனுக்கும் உபதேசம் செய்கிறாள். செய்தபின், தான் கொடுத்ததன் வேதனை தன்னையே எரிக்க, ஊடிக் கிடக்கிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுவதே நூலின் பெயருக்கும் பொருள். ஜயதேவர் முதலாகப் பலர் ராதையைப் பாடியிருக்கிறார்கள். இளமை கடந்துகொண்டிருக்கும் ஒரு பெண், தன் இடத்தில் மற்றொருத்தியைத் தானே அமர்த்திவிட்டுத் தவிக்கும் தவிப்பை உள்ளிருந்து எழுதிய காவியமாகவே இதனை நாம் கருத வேண்டும். இந்நூலில் இன்பத்தை நாடுபவளும் கேட்பவளும் பெண். ஆண்மகனுடைய விருப்பத்துக்கு இசைந்து கொடுப்பது மட்டும் அவள் தொழிலாக இல்லை. சிருங்கார வருணனைகள் ஆண் கவிகளின் பிரபந்தங்களிலும் இதே அளவிலும் இதைவிட மிகுதியாகவும் உண்டு. அவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்து பாராட்டிய உலகம் இந்த ஒரு நூலைக் கண்டு முகம் சுளித்ததற்குக் காரணம் வருணனை மட்டும் அன்று, வருணித்தவர் யார் என்பதே என்று நான் நினைக்கிறேன்.

ஏட்டில் இருந்த நூல் அச்சுக்கு வந்தபோதுதான் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. தெலுங்கு அகராதி செய்த சி. பி. பிரௌன் துரையின் சகாவாக இருந்த பைடிபாடி வேங்கடநரசு என்பவர் 1887-இல் ராதிகா ஸாந்த்வனத்தைப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பில் சில செய்யுட்கள் விடுபட்டிருந்தன, பீடிகையும் விடுபட்டிருந்தது. சிருங்காரம் மிகுந்த செய்யுட்களை அஞ்சி நீக்கினார் என்றால் அக்காலத்து மனப்போக்கை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். தஞ்சநாயகியின் பெயரிலும், பேத்தி பாட்டியைப் போற்றுவதிலும் அஞ்சுதற்கு என்ன இருந்தது? விரும்பி நீக்கினாரோ, வேண்டாம் என்று விட்டாரோ, விளைவு ஒன்றுதான்: பெண்ணால் பெண்வழி மரபில் வந்த நூல் என்ற அடையாளம் அச்சிலிருந்து அகன்றது. ஆந்திர தேசத்தில் விதவா விவாகத்துக்காகவும் பெண்கல்விக்காகவும் அரும்பாடுபட்ட கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவே, தம்முடைய ஆந்திரக் கவிகளின் சரித்திரத்தில் முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டு, ஆயினும் அவர் நெறியற்றவள் என்றும், நூலின் பல பகுதிகள் பெண்கள் காதால் கேட்கவும் தகாதவை என்றும் எழுதினார். பெண்களின் உயர்வுக்காக உழைத்த பெரியவர் ஒருவரே பெண்ணின் நூலுக்குப் பகையாக நின்றது மனத்தை வருத்துகிறது. அக்காலச் சீர்திருத்தக்காரர்கள் கண்ட பெண்மையின் வடிவம், தஞ்சாவூர் அவையில் நிமிர்ந்து நின்று பாடிய பெண்ணைத் தனக்குள் ஏற்க முடியாத அளவு குறுகியதாக இருந்தது.

இனி இந்நூலை மீட்டவரைப் பற்றிக் கூறவேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-இல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர். ஸம்ஸ்கிருதமும் கன்னடமும் தெலுங்கும் கற்று, சங்கீதத்தில் தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த முனுசாமப்பாவிடம் பயின்று, சென்னையில் புகழ்பெற்ற பாடகியாக வாழ்ந்தவர். முத்துப்பழனியைப்பற்றிய ஒரு குறிப்பை எங்கோ படித்து, அந்நூலைத் தேடத் தொடங்கினார். அச்சுப் பிரதி அருமையாகவே கிடைத்தது. பிறகு ஓர் ஏட்டுப் பிரதியும் கைக்கு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒத்துப் பார்த்தபோது, அச்சில் எவை எவை இல்லை என்று அவர் கண்டார். ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் வேலை எத்தகையது என்பதை உ. வே. சாமிநாதையரின் எழுத்துக்களைப் படித்த தமிழர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. வரி வரியாக விரலோட்டி, ஏட்டில் புள்ளியும் வரியும் விட்ட இடங்களைச் சந்தத்தால் ஊகித்து, அச்சில் காணாத செய்யுள் வருமிடத்தில் நின்று, அதனை எழுதிக்கொண்டு, மேலே செல்லும் அந்தப் பொறுமையான தொழிலை, கச்சேரிகளுக்கு நடுவே, ஒரு பாடகி செய்தார். அந்த வரிசையில் பீடிகையின் செய்யுட்கள் ஒவ்வொன்றாக மீண்டு வந்து, பாட்டியின் பெயரும் அத்தையின் பெருமையும் தெரிந்தபோது அவருடைய நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதை நாம் ஒருவாறு ஊகிக்கலாம். ரஸம் ததும்பும் இந்நூலைச் செய்தவர் ஒரு பெண் என்பதும், அதிலும் தம் குலத்தில் பிறந்தவர் என்பதும் தம்மை ஈர்த்த காரணங்கள் என்பதை அவர் தம் முன்னுரையில் மறைக்கவில்லை.

1910-இல் சென்னை வாவிள்ள இராமஸ்வாமி சாஸ்திருலு அண்டு ஸன்ஸ் என்ற புகழ்பெற்ற பிரசுராலயத்தார் நாகரத்தினம்மாளின் பதிப்பை வெளியிட்டார்கள். அதன் முன்னுரையில் அவர் வீரேசலிங்கம் பந்துலுவுக்கு நேருக்கு நேர் விடை கூறினார். வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட குணமா, ஆண்களுக்கு அது வேண்டாமா என்று கேட்டார். இதைவிடச் சிருங்காரம் மிகுந்த நூல்களைப் பந்துலு அவர்கள் தாமே பரிசோதித்து அங்கீகரித்திருப்பதையும் எடுத்துக் காட்டினார். தேவதாசி குலத்துப் பெண் ஒருத்தி, நாடறிந்த பெரியவர் ஒருவருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, அச்செழுத்தில் இவ்வாறு மறுப்புரைத்த துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. ஒரு வேசி எழுதியதை மற்றொரு வேசி பதிப்பித்தாள் என்ற பொருளில் பத்திரிகையிலே எழுதினார்கள். சர்க்காரின் மொழிபெயர்ப்பாளர் நூலில் ஆபாசப் பகுதிகள் உண்டு என்று தெரிவிக்க, 1911-இல் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைக் கைப்பற்றச் செய்தார். பிரசுரித்தவர்மேல் வழக்கு வந்தது. தெலுங்கு வித்வான்கள் பலர் ஒன்றுகூடி, பழைய இலக்கியங்களை இவ்வாறு தண்டிப்பது தகாது என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தும் பயனில்லாமற் போயிற்று. 150 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசரின் அவையில் பாராட்டப்பெற்ற கவிதை, அந்த அரசரையும் அவரைப் போன்ற அரசர்களையும் நாட்டை ஆளத் தகுதியில்லாத போகிகள் என்று எழுதிக்கொண்டிருந்த ஆட்சியினரால் குற்றப்பொருளாக எண்ணப்பட்டது. தடை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆந்திரத் தலைவர் தங்குடூரி பிரகாசம் அவர்களின் முயற்சியால் அது 1947-இல் நீங்கிற்று. வாவிள்ள நிறுவனத்தார் 1952-இல் நூலை மறுபடியும் வெளியிட்டார்கள்.

1947 என்ற இந்த ஆண்டை எண்ணும்போது என் மனம் இரண்டுபடுகிறது. முத்துப்பழனியின் நூல் விடுதலை பெற்ற அதே ஆண்டில்தான், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. அந்தச் சட்டத்துக்கு வழி திறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் தாயாரும் தேவதாசி குலத்தில் பிறந்தவரே. சிறு பெண்கள் தங்கள் விருப்பம் கேட்கப்படாமலே ஒரு வாழ்க்கைக்கு ஒப்படைக்கப்படுவதை அவர் தம் கண்ணால் கண்டவர். அவருடைய போராட்டம் தர்மத்தின்பாற்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரை எதிர்த்து, தேவதாசிகள் சார்பில் சங்கம் கூட்டி வாதாடியவர்களில் நாகரத்தினம்மாள் முன்னணியில் நின்றார். வழக்கத்தோடு சேர்த்து, அந்த இல்லங்களில் நூற்றாண்டுகளாக விளங்கிய கல்வியும் கலையும் சொத்துரிமையும் இழிவென்று தள்ளப்படுமே என்று அவர் அஞ்சினார். அந்த அச்சமும் வீணானதன்று. வழக்கம் ஒழிந்தது நன்மையாயிற்று. ஆனால் ஒழித்த வேகத்தில், அக்குலத்துப் பெண்கள் கவிகளாகவும் இலக்கண வித்துவான்களாகவும் இருந்தார்கள் என்ற உண்மையையும் நாம் மறந்தோம். இவ்விரு பெண்களில் ஒருவரைப் போற்றுதற்காக மற்றவரைத் தாழ்த்தவேண்டிய அவசியம் சரித்திரம் எழுதுவோர்க்கு இல்லை.

நாகரத்தினம்மாளுக்குத் தமிழ்நாடு கொடுத்த நினைவு பெரும்பாலும் திருவையாற்றோடு நின்றுவிட்டது. கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜ ஸ்வாமிகளின் ஸமாதிக்குத் தம் சொந்தப் பொருளால் நிலம் வாங்கி, 1921-இல் திருப்பணி தொடங்கி, கும்பாபிஷேகமும் செய்வித்தவர் அவர். அந்த ஸமாதியின் முன் பெண்கள் பாடக்கூடாது என்று ஆராதனை நடத்தியவர்கள் தடுத்தபோது, 1927 முதல் பெண்களைக்கொண்டே தனியாக ஓர் ஆராதனையை அவர் நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் கக்ஷிகள் ஒன்றாகி, பெண்களும் அங்கே பாடும் வழக்கம் ஏற்பட்டது. 1952-இல் அவர் காலமான பின், ஸ்வாமிகளின் ஸந்நிதியை நோக்கி அமர்ந்த அவருடைய சிலை அங்கே நிறுவப்பட்டது. பக்தையாகிய நாகரத்தினம்மாளை ஆண்டுதோறும் திருவையாறு செல்லும் ரஸிகர்கள் வணங்குகிறார்கள். பதிப்பாசிரியராகிய நாகரத்தினம்மாளை, ஆண்களோடு அச்சில் வாதிட்ட விமர்சகராகிய நாகரத்தினம்மாளை, அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மறந்த ஒருவரை மீட்டவரே மீட்கப்பட வேண்டியவராயினார். 2007-இல் வெ. ஸ்ரீராம் ஆங்கிலத்தில் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு இந்தக் குறையை ஓரளவு நீக்கிற்று. அதற்கு முன்பே, 1991-இல், சூஸி தாரு, கே. லலிதா என்ற இரு அறிஞர்கள் கி.மு. 600 முதல் தம் காலம்வரை இந்தியப் பெண்கள் எழுதியவற்றைப் பதினொரு மொழிகளிலிருந்து திரட்டி வெளியிட்ட பெருந்தொகுதியின் முன்னுரையை முத்துப்பழனி, நாகரத்தினம்மாள் ஆகிய இருவரின் வரலாற்றைக்கொண்டே தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்தே இக்கதை இந்தியாவுக்கு அப்பாலும் சென்றது.

ஏடு தேடும் புலமையின் பயனுக்கு இன்னும் ஓர் உதாரணம் சொல்ல விரும்புகிறேன். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரை ஸுல்தானை வென்ற கதையை அவன் தேவியாகிய கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்ற காவியமாகப் பாடினார். இப்படி ஒரு நூல் இருந்தது என்பது 1916 வரை உலகுக்குத் தெரியாது. அந்த ஆண்டில் திருவனந்தபுரத்தில், ஒரு குடும்பத்தின் புத்தகசாலையிலே, பண்டிதர் இராமஸ்வாமி சாஸ்திரியார் ஓர் ஏட்டுக்கட்டை அவிழ்த்தார். சம்பந்தமில்லாத வேறு இரண்டு நூல்களுக்கு இடையே, அறுபத்தொரு ஓலைகளில், சிதைந்தும் இடையிடையே விட்டும் கிடந்தது அக்காவியம். கட்டின் மேலோலையை மட்டும் படித்து அட்டவணை எழுதுவோர் கையில் அது சிக்கியிருந்தால், கங்காதேவி என்ற கவி இன்றும் நமக்கு இல்லை. கணவனின் போரைப் பாடிய அரசி என்ற அளவில் சிலர் அவரை ஒதுக்கிவிடுவார்கள். தமக்கு முன் வாழ்ந்த ஸம்ஸ்கிருத மகாகவிகளையும் தெலுங்குத் திக்கனரையும் வணங்கி, கவிதை இன்னது என்று நிதானமாக மதிப்பிட்டுத் தொடங்கும் அந்நூலைப் படித்தவர்கள் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள்.

இவ்வளவும் ஆராய்ச்சியாளர் செய்யும் பணி. ஆயினும் ஏடும் அட்டவணையும் பதிப்பும் கொண்டுவந்து நிறுத்துவது பெயரையும் நூலையுமே; ரத்தமும் தசையுமாக ஒரு பெண்ணை நம்முன் நடமாட வைப்பதற்குக் கற்பனை வேண்டும். நம் ஔவையாரையே எடுத்துக்கொள்வோம். சங்கச் செய்யுட்களில் அவர் அதியமானோடு கள்ளுண்டு களித்த பாணர் மரபுப் பெண். தொண்டைமானிடம் தூது சென்றவர். காதலின் வேகத்தைக் கூசாமல் பாடியவர். பிற்காலக் கதைகள் பல காலத்து ஔவையார்களை ஒருவராகக் குழைத்து, கோலூன்றிய மூதாட்டியாக்கி, நீதி சொல்வது ஒன்றே அவர் தொழில் என்று ஆக்கிவிட்டன; 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாளின் கம்பீரமான குரல் அந்த மூதாட்டியை ஒவ்வோர் இல்லத்திலும் நிலைநாட்டிற்று. சங்க ஔவை புலவர்களின் உரைகளுக்குள் பத்திரமாகவே இருந்தார். மக்களின் மனத்தில் இல்லை. கவிஞர் இன்குலாப் ‘ஔவை’ என்ற நாடகத்தை எழுதி, அ. மங்கை அதனை மேடையேற்றியபோது, இளமையும் வழிநடையும் யாழும் பாட்டும் உடைய விறலியாகத் தமிழர்கள் அவரை மறுபடியும் கண்டார்கள். அந்நாடகம் செய்தது வெறும் புனைவன்று. புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் உள்ள செய்யுட்களே அதற்கு எலும்பாக நின்றன.

கற்பனை எழுதுவோரிடம் நான் வேண்டுவதும் இந்த நிதானத்தையே. கவியாயிருந்த பெண்ணின் சரித்திரத்தில் இடைவெளி கண்டவுடன் அதை ஓர் அரசனின் காதலைக்கொண்டு நிரப்பிவிடும் ஆசை நாவலாசிரியர்களுக்கு எளிதில் வருகிறது. தஞ்சாவூர் அவையைக் கதையாக்குவோர்க்கு அந்த ஆசை இன்னும் மிகுதியாகவே தோன்றும். முத்துப்பழனி தம் பீடிகையில் எழுதிவைத்த பெருமைகளுள் புலமையே தலையாயது. பாட்டியையும் அத்தையையும் கவிகளாகவே அறிமுகப்படுத்தினார்; ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் அவரே. தமக்குப் பல நூற்றாண்டு முன்பு வில்லிபுத்தூரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பாட்டை, மார்கழி வைகறையில் தோழியரை எழுப்பும் அக்குரலை, வேற்று மொழியின் சந்தத்துக்குள் கொண்டுசெல்ல அவர் எத்தனை இரவுகள் விளக்கேற்றி உட்கார்ந்தார், தமிழ்ச்சொல் ஒவ்வொன்றின் பொருளையும் யாரிடம் கேட்டுத் தெளிந்தார், தஞ்சநாயகி கற்பித்த பாடங்களில் திருப்பாவையும் ஒன்றாக இருந்ததோ என்பவற்றை ஒரு நாவல் எழுதிக் காட்டுமானால், 1887-இல் நீக்கப்பட்ட பீடிகைக்கு அது தகுந்த உரையாக அமையும்.